சுவடிக்குக் கண்ணீர், ஒலிநாடாவுக்குக் குப்பைமேடு

உ.வே.சாமிநாதையரின் பெயரைச் சொல்லாமல் நமது தமிழ்த்துறை விழாக்கள் எவையும் நிறைவெய்துவதில்லை. கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதியாக நெருப்பிலிட்ட செய்தியை அவர் வேதனையோடு பதிவுசெய்திருப்பதை நாம் ஆண்டுதோறும் மேடையில் எடுத்துச் சொல்கிறோம். கேட்கும் மாணவர்கள் 'உச்' கொட்டுகிறார்கள். அன்று மாலையே வீடு திரும்பி, பரண்மேல் கிடக்கும் கேசட் பெட்டியைக் காயலான் கடைக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். அந்தப் பெட்டியில் அத்தையின் ஒப்பாரி இருந்திருக்கலாம். ஊர்க் கூத்தின் ஓர் இரவு இருந்திருக்கலாம். வாரியார் சுவாமிகள் ஏதோவொரு கோயில் வாசலில் ஆற்றிய, எந்த நிறுவனமும் வெளியிடாத சொற்பொழிவு இருந்திருக்கலாம். இருந்ததா என்று பார்க்கவும் நமக்கு வழியில்லை. பார்ப்பதற்கு, அதாவது கேட்பதற்கு, ஓடும் நிலையில் ஒரு பிளேயர் வேண்டும். அது நம்மிடம் இல்லை.

இக்கட்டுரை அந்தப் பிளேயரைப் பற்றியது. இன்னும் குறிப்பாக, காரில் பொருத்தப்பட்ட கேசட் பிளேயரைப் பற்றியது. இலக்கிய வாசகருக்கு இது எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. அங்கே ஒரு முதிய வேன் ஓட்டுநரை நமக்கு மாணவர் ஒருவர் அறிமுகப்படுத்தினார். கல்யாண வாடகை, ஆடி மாதக் கோயில் வாடகை, மாலை போட்டவர்களை ஏற்றிக்கொண்டு சபரிமலை என்று முப்பதாண்டுகளுக்கு மேல் ஓட்டியவர். அவருடைய ஓய்வுபெற்ற வண்டி கொட்டகையில் நிற்கிறது. சக்கரம் ஓடாது. டாஷ்போர்டில் உள்ள கேசட் பிளேயர் மட்டும் ஓடும். கூத்துக் குழுக்களை ஊர் ஊராக ஏற்றிச் சென்ற காலத்தில் அவர் சிறிய டேப் ரெக்கார்டர் ஒன்றைத் திரைக்கருகே வைத்து, இரவு முழுவதும் பதிவு செய்திருக்கிறார். இரவு பத்து மணி முதல் விடியற்காலை ஆறு மணிவரை எட்டு மணி நேரக் கூத்துக்கு, 'தொண்ணூறு' என்று சொல்லப்படும் ஒன்றரை மணிநேர நாடாக்கள் ஆறு வேண்டும். அத்தகைய நாடாக்கள் நாற்பதுக்குமேல் அவரிடம் இருந்தன. 2011 டிசம்பர் இறுதியில் அடித்த தானே புயலில் ஈரம் புகுந்து சில போயின. எஞ்சியவற்றில் பாடியிருக்கும் வாத்தியார்கள் பலர் இன்று இல்லை.

நாம் சென்றோம். பெரிய உற்சாகத்தோடுதான் சென்றோம். ஓட்டுநர் தேநீர் வாங்கிவரப் போயிருந்த இடைவேளையில், பெட்டியிலிருந்து 'கர்ண மோட்சம்' என்று எழுதியிருந்த நாடாவை எடுத்து நாமே பிளேயருக்குள் தள்ளினோம். இரண்டு நிமிடம் பாடியது. பிறகு குரல் குழைந்தது, தேய்ந்தது, நின்றது. இழுத்தால் உள்ளேயிருந்து நாடா குடல்போல் வந்தது. பல மாதங்களாக ஓடாமல் கிடந்த பிளேயரின் ரப்பர் உருளையில் பிசுக்கு ஏறியிருந்தது. நாடா அதில் ஒட்டிச் சுற்றிக்கொண்டுவிட்டது. அவசரத்தில் இழுத்ததில் ஓரிடத்தில் அறுந்தும் போயிற்று. திரும்பி வந்த ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரை வைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். நெடுநேரம் கழித்து ஒன்று கேட்டார்:

"ஏடு கிழிஞ்சா ஒட்டுறீங்க இல்ல சார், இத ஒட்டத் தெரியாதா?"

தெரியாது. தமிழிலக்கியத்தில் முதுகலை, பாடபேதம் பார்க்கத் தெரியும், சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாததைப் புரிந்து படிக்கத் தெரியும். ஒரு கேசட்டைப் போடுமுன் என்ன பார்க்க வேண்டும் என்பது தெரியாது. கர்ணன் சாகும் இடத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் கசங்கிப்போயின. அவை வேறெங்கும் இல்லை. கரிவலம்வந்தநல்லூரில் நெருப்பு மூட்டியவர்களாவது அதைச் சாத்திரம் என்று நம்பிச் செய்தார்கள். நமக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

ஆகவே, குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறோம்.

*

ஓலைச்சுவடிக்கும் ஒலிநாடாவுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. சுவடியைக் கண் படிக்கும். விருத்தாசலத்துச் சூளையில் வெந்த பீங்கான் பொம்மையை ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டியெடுத்தாலும் கண் பார்க்கும். கீழடியில் கிடைத்த பானையோட்டின் கீறலை எந்த யந்திரமும் இன்றி வாசிக்கிறோம். ஒலிநாடாவை யந்திரம் மட்டுமே படிக்கும். பழுப்புநிற இரும்பு ஆக்சைடு பூசிய 3.81 மில்லிமீட்டர் அகல நாடா அது, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு காந்தத் தலைப்பின்முன் ஓடினாலன்றி அது ஊமை. பிளேயர் அழிந்தால், நாடா அழியாமலே அழிந்துவிடுகிறது. நாடாவைக் காப்பது என்றால் பிளேயரையும், பிளேயரைப் பழுது பார்க்கத் தெரிந்த கையையும் சேர்த்துக் காப்பது என்றே பொருள்.

இது நமது கற்பனை அச்சமன்று. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இலேயே 2025-ஐக் கெடு ஆண்டாக அறிவித்தது. 2019-இல் யுனெஸ்கோவின் தகவல் திட்டமொன்றும் ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து 'காந்த நாடா எச்சரிக்கை' என்ற பெயரில் அதையே உலகுக்குச் சொல்லின. அவர்கள் முதன்மையாக அஞ்சியது நாடா மக்குவதை அன்று. ஓட்டும் கருவிகளும், உதிரிப் பாகங்களும், பராமரிக்கும் அறிவும் 2025-ஐ ஒட்டி அரிதாகிவிடும் என்பதை. அந்த ஆண்டு கடந்துவிட்டது. நம் பல்கலைக்கழகங்களில் இதுபற்றி எத்தனை கருத்தரங்குகள் நடந்தன என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். விரல்கள் மிஞ்சும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை அறிமுகம் செய்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஒட்டன்ஸ் 2021-இல் மறைந்தபோது உலகப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. ஆனால் அந்தச் சிறு பெட்டி இந்தியாவில் செய்த வேலை ஐரோப்பாவில் செய்ததைவிடப் பெரிது. இசைத்தட்டு நிறுவனங்கள் யாரைப் பாடவைக்கலாம் என்று தீர்மானித்துக்கொண்டிருந்த நாட்டில், யாரும் பதியலாம், யாரும் படியெடுக்கலாம் என்ற நிலையைக் கேசட் கொண்டுவந்தது. பீட்டர் மேனுவல் 1993-இல் வெளியிட்ட 'கேசட் கல்ச்சர்' என்னும் நூல் வட இந்தியாவில் இது நிகழ்ந்த விதத்தை விரிவாகச் சொல்கிறது. பால் கிரீன் என்னும் அமெரிக்க இசையியலாளர் 1999-இல், ஒரு தமிழ்க் கிராமத்தில் கேசட்டை ஒலிக்கவிடும் செயலையே வழிபாட்டு நிகழ்த்துதலாகக் கொண்டு ஆராய்ந்து 'எத்னோமியூசிகாலஜி' இதழில் எழுதினார். நமது கிராமத்து ஒலிபெருக்கியில் ஆய்வுப்பொருள் இருப்பதைக் கண்டுசொல்ல அமெரிக்காவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. நாமோ அந்த ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே அமர்ந்து நாட்டார் வழக்காற்றியல் வாசித்துக்கொண்டிருந்தோம்.

நாட்டார் பாடல் தொகுப்புகளையே எடுத்துக்கொள்வோம். கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-இல் வந்தது. நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-இல் வந்தது. இரண்டும் பெருஞ்செல்வங்கள். ஆயின் அவற்றில் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. மூச்சு எங்கே நின்றது, எங்கே அழுகை குறுக்கிட்டது என்பது இல்லை. அச்சு தரக்கூடியது அவ்வளவே. நம் வட்டாரத்தையே சொன்னால், கண்மணி குணசேகரன் தனியொருவராய் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் செய்த வேலை அது. பெரிய துறைகள் செய்யாதது. அந்தச் சொற்கள் எந்த இழுப்போடு, எந்த ஏற்ற இறக்கத்தோடு சொல்லப்பட்டன என்பதற்குச் சாட்சி எங்கே? ஓட்டுநர்களின் பெட்டிகளில். ஒலி கிடைத்த முதல் தலைமுறை நாம். அதைத் தூக்கி எறிகிற முதல் தலைமுறையும் நாமாக இருக்கப்போகிறோமா?

*

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

முதலாவது: 'எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே.' எல்லாம் இல்லை. யாரேனும் ஏற்றியதுதான் இருக்கிறது. சீர்காழியும் ஈஸ்வரியும் நாகூர் ஹனீபாவும் வீரமணியும் இருப்பார்கள்; அவர்களுடைய நாடாக்கள் ஆயிரக்கணக்கில் விற்றவை. ஒரே பிரதியாக உள்ள நாடா, அதை வைத்திருப்பவர் கண்மூடியதும் எடைக்குப் போகிறது.

இரண்டாவது: 'கணினியில் ஏற்றிவிட்டுத் தூக்கிப்போட வேண்டியதுதானே, எதற்குப் பழைய பிளேயரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?' இதைச் சொல்பவர்கள் ஒருமுறையேனும் ஏற்றிப் பார்த்தவர்கள் அல்லர். எந்தப் பிளேயரில் போட்டு ஏற்றுவது? பிளேயரின் காந்தத் தலைப்பு நாடா ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் மேற்சுரங்கள் மங்கும். ஜால்ரா பஞ்சில் அடித்ததுபோல் கேட்கும். பதிவுசெய்த டேப் ரெக்கார்டரின் தலைப்பு எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்குத் தலைப்பின் அருகிலுள்ள சிறு திருகைத் திருப்பி, காதால் கேட்டுக்கேட்டுப் பொருத்த வேண்டும். மங்கலம்பேட்டை ஓட்டுநர் இதை ஜால்ரா ஒலியை வைத்துச் செய்கிறார். "தாளம் கணீர்னு வர்ற எடந்தான் சார் எடம்" என்றார். இது பாடபேத ஆராய்ச்சியன்றி வேறென்ன?

இன்னொன்று. பிளேயருக்குள் மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் வேகம் குறையும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் இறங்கிவிடும். கூத்து வாத்தியாரின் பெருமையே உச்சக் குரல். தளர்ந்த பெல்ட்டில் ஓடிய நாடாவைக் கேட்டு, 'இப்பகுதிக் கூத்தில் தணிந்த சுருதியே வழக்கு' என்று நாளை ஒருவர் முனைவர் பட்டம் பெறக்கூடும். பெல்ட்டின் நோயை மரபின் இயல்பாக எழுதிவைத்த பெருமை அப்போது நம்மைச் சேரும்.

'ஸ்டுடியோ தரத்துக் கருவியில்தான் செய்யவேண்டும், கார் பிளேயரில் அன்று' என்பார் சிலர். நியாயம். ஒப்புக்கொள்கிறோம். ஓடாத வண்டியானாலும் கார் பிளேயரின் இரைச்சலும், வேகத்தின் நடுக்கமும் ஆவணத் தரத்துக்குப் போதா. ஆனால் அந்தக் கருவி எந்தக் கல்லூரியில் இருக்கிறது? வீட்டு டேப் ரெக்கார்டர்கள் பெரும்பாலும் செத்துவிட்ட ஊர்களில், பன்னிரண்டு வோல்ட்டில், குண்டும் குழியுமான சாலைக்கென்று கட்டப்பட்ட கார் பிளேயர்கள்தாம் பல இடங்களில் மிச்சம். அம்பாசடர் காரின் உற்பத்தியே 2014-இல் நின்றுபோயிற்று. அமெரிக்காவில் தொழிற்சாலையிலேயே கேசட் பிளேயர் பொருத்தி விற்கப்பட்ட கடைசிப் புதிய கார் 2010-ஆம் ஆண்டு மாதிரி லெக்சஸ் ஒன்று என்று எழுதினார்கள். புதிதாக வரப்போவது எதுவுமில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதே வழி. பெட்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் அறிந்துகொள்ளவாவது அந்தக் கார் பிளேயர் வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம் அன்று, ஒரு மனநிலை: கேசட் ஏக்கம். பென்சிலைச் செருகி நாடாவைச் சுற்றிய இளமைக்காலம், வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு ரெக்கார்டிங் சென்டர் வாசலில் காத்திருந்த மாலைப்பொழுது என்று கட்டுரைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றை எழுதுவோர்மீது நமக்குப் பகை இல்லை. ஆனால் பென்சிலைப் பற்றி எழுதிய கை, பரணிலுள்ள பெட்டியை இறக்கித் தூசி தட்டியதா? நினைவுகூர்வது காப்பாற்றுவதாகாது. பல வேளைகளில் காப்பாற்றாமல் விட்டதை மறைக்கும் போர்வையே அது.

*

ஓட்டுநர் அன்று நமக்குக் கற்பித்ததை இங்கே முறையாக எழுதிவைக்கிறோம். வேறு நூல்களில் சரிபார்த்தும் கொண்டோம். இதைக் கைவினைக் குறிப்பு என்று தாண்டிச் செல்ல வேண்டாம். நன்னூலில் நூலின் இயல்பு படிப்பதுபோல் படிக்கலாம்.

நெடுநாள் ஓடாத பிளேயரில் அரிய நாடாவை முதலில் போடக்கூடாது. போனால் போகட்டும் என்கிற ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டுச் சோதிக்க வேண்டும். காந்தத் தலைப்பையும், நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்க வேண்டும். பத்து இருபது மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை. ரப்பர் உருளைக்கு ஸ்பிரிட் மிகுந்தால் ரப்பர் இறுகிப்போகும், ஈரத்துணி நல்லது. கடைகளில் விற்ற உலர்ந்த 'க்ளீனர்' கேசட்டுகள் தலைப்பைத் தேய்த்துவிடும்.

வண்டியை நிறுத்தினால் கேசட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளேயே அழுத்தத்தில் கிடந்தால் உருளையில் பள்ளமும் நாடாவில் மடிப்பும் விழும். டாஷ்போர்டின்மேல் வெயிலில் வைத்த கேசட்டின் கூடு நெளியும். பின்பக்க ஸ்பீக்கரின் காந்தத்தருகே கேசட்டுகளை அடுக்கக்கூடாது. பதிவான நாடாவின் முதுகிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகளையும் ஒடித்துவிட வேண்டும். தவறியும் மேலே வேறொன்று பதிவாகாது.

பல ஆண்டு சுற்றியே கிடந்த நாடாவைப் போடுமுன் ஒருமுறை முன்னும் பின்னும் முழுவதும் ஓட்டி இளக்க வேண்டும். உள்ளே நாடாவைத் தாங்கும் கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருந்தால் குரல் மெலியும், அதை ஒட்டலாம். கூடு உடைந்தால் திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றலாம். அறுந்தால் இரு முனைகளையும் சரிவாக வெட்டி, ஒட்டுவதற்கென்றே உள்ள பிரத்தியேக நாடாவால் முதுகுப்புறம் ஒட்ட வேண்டும். செல்லோடேப் ஆகாது, அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் கெடுக்கும்.

இவ்வளவுதான். ஒரு பருவத்தில் மாணவனுக்குக் கற்பித்துவிடலாம். யாப்பருங்கலக்காரிகையைவிடக் கடினமன்று.

*

நமது கோரிக்கைகள் சில.

முதுகலைத் தமிழ் நடத்தும் ஒவ்வொரு துறையும் ஓடும் நிலையில் ஒரு நல்ல கேசட் பிளேயரை வைத்திருக்க வேண்டும். அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரை ஊரிலிருந்து அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, மாணவர்களுக்குக் கற்பிக்கச் சொல்ல வேண்டும். அவரிடம் பட்டம் இருக்காது. கூத்து வாத்தியாரிடமும்தான் இருந்ததில்லை. 'சுவடியியல்' தாளில் ஓர் அலகு ஒலிநாடாவுக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பாகக் கேசட்டைக் கொடுத்த மாணவர்கள் 1980களிலும் 90களிலும் இருந்தார்கள். அக்கேசட்டுகள் துறை அலமாரிகளில் என்னவாயின என்று ஒவ்வொரு துறைத்தலைவரும் முதலில் திறந்து பார்க்கட்டும்.

ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் கோட்டையூரில் சேர்த்த அச்சுக் களஞ்சியம், அவர் 1992-இல் மறைந்தபின் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தது. ஒலிக்கும் அப்படியொரு முயற்சி மாவட்டந்தோறும் வேண்டும். அதற்கு நிதியில்லை என்பார்கள். பொன்னாடைக்கு நிதி இருக்கிறது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கணினியில் ஏற்றியதும் இணையத்தில் கொட்டிவிடும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குரல் பாடியவருக்கும் அவர் குழுவுக்கும் உரியது. பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கேட்டுத்தான் வெளியிட வேண்டும். வாத்தியார் உயிரோடிருந்தபோது வாடகையோடு சேர்த்துக் குறைத்துக் கொடுத்தவர்கள் நாம். குரலையும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஏற்றிய பிறகு நாடாவை எறியவும் கூடாது. இருபதாண்டுகளுக்குமுன் குறுவட்டில் நெருக்கிச் சுருக்கி ஏற்றிவிட்டு மூல நாடாவைப் போட்டவர்கள், இன்று அந்தக் குறுவட்டும் படிக்காமல் விழிப்பதை நாம் அறிவோம்.

*

அன்று மாலை ஓட்டுநர் அந்த நாடாவை ஒட்டிவிட்டார். கசங்கிய இடத்தை நகத்தால் நீவி, கூடு மாற்றி, பிளேயரைத் துடைத்து, ஒரு பழைய பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகுதான் அதைப் போட்டார். கொட்டகைக்குள், ஓடாத வண்டியின் இருக்கையில் அமர்ந்து கேட்டோம். மத்தளம் வந்தது. முகவீணை வந்தது. கர்ணன் வந்தான். அவன் சாகத் தொடங்கும் இடத்தில் குரல் நீருக்குள் அமிழ்ந்ததுபோல் போய், சிதறி, மூன்று நிமிடம் கழித்து மீண்டும் மேலே வந்தது. அப்போது கர்ணன் செத்துவிட்டிருந்தான், பொன்னுருவி அழுதுகொண்டிருந்தாள்.

"அந்த எடந்தான் சார் அவரு நல்லா பாடுவாரு" என்றார் ஓட்டுநர். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை.

அவரிடம் இன்னும் முப்பது நாடாக்களுக்குமேல் இருக்கின்றன. அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பிளேயருக்குள் இருக்கும் பெல்ட் அவர் கடைசியாக வாங்கி வைத்திருந்தது. விடுமுறை நாட்களில் நாம் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம். திருகைத் திருப்புவது அவர், குறித்துக்கொள்வது நாம். இந்த வரிகளைப் படிப்பவர்களின் ஊரிலும் இப்படியொரு கொட்டகை இருக்கும். அடுத்த விழாவில் உ.வே.சா.வைப் பற்றிப் பேசுமுன் அங்கே போய்வந்துவிடுங்கள். போகும்போது கொஞ்சம் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கிச் செல்லுங்கள். நாம் வாங்கிச் செல்லவில்லை.